பெட்டியில் ஒரு கத்தி: ஒசாகாவில் நாங்கள் இருவரும்

வணக்கம். மணி இரவு பதினொன்று தாண்டிவிட்டது, இவர் தூங்கிவிட்டார், அதனால் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன், சத்தம் போதவில்லை என்றால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானில், ஒசாகாவின் நம்பா பகுதியில் நாங்கள் தங்கியிருக்கும் அறை இதுதான். இரண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் விரித்து வைக்க இடம் இல்லை, ஒன்றைக் கட்டில்மேல் திறந்து வைத்து அடுக்கிக்கொண்டே பேசுகிறேன். நாளைக் காலையில் ஊருக்குக் கிளம்புகிறோம்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வந்த முதல் வெளிநாட்டுப் பயணம் இது. காலாண்டு விடுமுறை என்பதால் மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். ஆறு நாளும் ஒசாகாவிலேயே இருந்தோம். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மூன்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று நிறையப் பேர் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள், நாங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆறு நாள் கழித்து உறுதியாகச் சொல்கிறேன், நல்ல முடிவு. ஏனென்றால் ஒசாகாவில் பார்க்க வேண்டியது கடைத்தெருதான். ஷாப்பிங் என்பதை ஊர் சுற்றி முடித்தபிறகு கடைசி நாளில் ஓடி ஓடிச் செய்யும் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே அதுதான் ஊர்.

இது வணிகர்களின் ஊர். ஒரு காலத்தில் ஜப்பான் முழுவதிலிருந்தும் அரிசி இங்கே வந்து இறங்கி விலைபோயிருக்கிறது, 1730இலேயே டோஜிமா என்ற இடத்தில் அரிசிக்கு முன்பேர வர்த்தகம், அதாவது பின்னால் வரப்போகும் அரிசிக்கு இப்போதே விலை பேசுவது, நடந்திருக்கிறது. இந்த ஊருக்கு 'நாட்டின் சமையலறை' என்றே பெயர் இருந்திருக்கிறது. இங்கே வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்தால் 'மோகாரிமக்கா' என்று கேட்பார்களாம், லாபம் வருகிறதா என்று அர்த்தம். பதில், 'போச்சி போச்சி தென்னா'. அதாவது, ஏதோ ஓடுது. நம்ம ஊர்க் கடைக்காரரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டால் அச்சு அசலாக இதைத்தானே சொல்வார்! எனக்கு அந்த இடத்திலேயே இந்த ஊரைப் பிடித்துவிட்டது.

சரி, முதலில் இதைக் காட்டுகிறேன். துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன் பாருங்கள், பிரிக்க மாட்டேன், அட்டைப்பெட்டியோடு காட்டுகிறேன். ஒரு கத்தி. இந்தப் பயணத்தில் நாங்கள் வாங்கியதிலேயே பெரிய செலவு இதுதான்.

இவருடைய சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். திருப்பாச்சேத்தி அருவாள் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவருடைய தாத்தா விவசாயி, அருவாளை வாங்கி வந்தால் முதல் நாள் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்துப் பார்ப்பாராம், வழுக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். அந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அதனால் ஒசாகாவுக்குப் பக்கத்தில் சகாய் என்ற ஊர் கத்திக்குப் பேர்போனது என்று தெரிந்ததும் இவர் வேறு எதையும் கேட்கவில்லை, கத்திக் கடைக்கு ஒரு முழுநாள் வேண்டும் என்றார்.

நம்பா ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் டோகுயாசுஜி என்று ஒரு கூரை போட்ட தெரு இருக்கிறது. முழுக்க முழுக்க ஓட்டல்காரர்களுக்கான சாமான் விற்கும் தெரு. அண்டா அண்டாவாகப் பாத்திரம், வாசலில் தொங்கவிடும் துணித் திரை, சிவப்புக் காகித விளக்கு, கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற பிளாஸ்டிக் சாப்பாடு, எல்லாம் கிடைக்கும். அங்கே ஒரு கடை வாசலில் நான் அப்படியே நின்றுவிட்டேன், ஏனென்றால் அடுக்கி வைத்திருந்தது பணியாரக் கல்! குழி குழியாக, இரும்பில், சின்னது பெரியது என்று வரிசையாக. அது டாகோயாகி செய்யும் கல். மாவை ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் ஆக்டோபஸ் துண்டு ஒன்றைப் போட்டு, ஊசி மாதிரி ஒரு கம்பியால் திருப்பித் திருப்பி உருண்டையாக்குகிறார்கள். இந்த ஊரில் பிறந்த பலகாரம்தான் அது. பணியாரத்தைத் திருப்பும்போது நாம் ஒரு தடவை திருப்புவோம், இவர்கள் கால்பங்கு கால்பங்காகத் திருப்பி, வழிந்த மாவையும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அடுத்த முறை வீட்டில் பணியாரத்தை அப்படித் திருப்பிப் பார்க்கப் போகிறேன், வீடியோ போடுகிறேன்.

கத்திக்கு வருகிறேன். நாங்கள் போன கடையில் ஒரு பெரியவர் இருந்தார், அறுபது எழுபது வயது இருக்கும். போனில் மொழிபெயர்ப்பு வைத்துத்தான் பேசினோம். நாங்கள் எந்தக் கத்தியைக் காட்டினாலும் அவர் எடுத்துத் தரவில்லை, முதலில் கேள்வி கேட்டார். யார் நறுக்கப் போகிறீர்கள், என்ன நறுக்குவீர்கள், இறைச்சியா காய்கறியா, நறுக்கியதும் துடைத்து வைப்பீர்களா அல்லது அப்படியே போட்டுவிடுவீர்களா. நான் வாழைப்பூ படத்தைக் காட்டினேன். எலுமிச்சை, மாங்காய் எல்லாம் தினமும் நறுக்குவேன் என்றேன். உடனே கையில் வைத்திருந்த கார்பன் எஃகுக் கத்தியை உள்ளே வைத்துவிட்டார். கார்பன் எஃகு நல்ல கூர் தாங்கும், ஆனால் புளிப்பு பட்டாலும் ஈரம் இருந்தாலும் கறுத்துவிடும், துருவும் பிடிக்கும். அதனால் நடுவில் கார்பன் எஃகும் இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத எஃகும் வைத்து அடித்த கத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சான்டோக்கு என்கிற வகை, மீன், இறைச்சி, காய் மூன்றுக்கும் ஆகும். அப்போதும் விடவில்லை, வெட்டும் விளிம்பில் மட்டும் கார்பன் வெளியே தெரியும், அந்த ஒரு கோட்டை மறக்காமல் துடைக்க வேண்டும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

சகாயில் ஒரு கத்தியை ஒருவரே செய்வதில்லையாம். இரும்பை அடிப்பவர் வேறு, கூர் தீட்டுபவர் வேறு, கைப்பிடி போடுபவர் வேறு. ஒவ்வொருவரும் வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வேலையைத்தான் செய்கிறார்கள். போர்ச்சுக்கீசியர்கள் பதினாறாம் நூற்றாண்டில் புகையிலையைக் கொண்டுவந்தபிறகு, அந்த இலையை அரிவதற்குக் கத்தி அடித்துத்தான் சகாய் நாடெங்கும் பேர் வாங்கியிருக்கிறது. இவர் போனில் திருப்பாச்சேத்திப் பட்டறை வீடியோ ஒன்றைக் காட்டினார். அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போனை முகத்துக்குக் கிட்டே வைத்து முழுதாகப் பார்த்தார். பார்த்து முடித்து, திரும்ப முதலிலிருந்து ஒரு தடவை பார்த்தார்.

கத்தியில் பெயர் வெட்டித் தருகிறார்கள். மகள் பெயரைக் கேட்டோம். அவள் பெயர் ழகரத்தில் முடியும், ஜப்பானிய மொழியில் ழ-வும் இல்லை, ல-வும் இல்லை, எல்லாவற்றுக்கும் ர-தான். அதனால் கடைசி எழுத்து 'ரு' ஆகிவிட்டது. சின்ன உளி, சின்னச் சுத்தியல், டிக் டிக் டிக் என்று ஒரு கோட்டுக்கு ஏழெட்டுத் தட்டு, முன்கூட்டி வரைந்துகொள்ளவும் இல்லை. முடித்துவிட்டு இவரிடம் ஒரு தீட்டுக்கல்லையும் கொடுத்து உட்கார வைத்தார். கத்தியின் முதுகுப் பக்கம் இரண்டு பத்து யென் காசை அடுக்கி வைத்தால் எவ்வளவு உயரம் வருமோ அவ்வளவு தூக்கித் தீட்ட வேண்டும், கோணம் அதுதான். அந்த இரண்டு காசையும் இவர் பர்ஸில் தனியாக எடுத்து வைத்துவிட்டார், ஊரில் தீட்டும்போது வேண்டுமாம்.

விலை கேட்பீர்கள். வரியோடு 14,300 யென், பாஸ்போர்ட்டைக் காட்டியதும் பத்து சதவீத வரியைக் கழித்து 13,000. ஒரு கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் இது கிடைக்கும், ஆனால் எல்லாக் கடையிலும் இல்லை, போர்டு பார்த்துப் போங்கள். இன்னொன்று, 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: கடையில் வரியோடு பணம் கட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பும்போது விமான நிலையத்தில் சரிபார்த்தபிறகுதான் வரிப்பணம் திரும்ப வரும். அதற்குமேல் போகிறவர்கள் பட்ஜெட்டில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கத்தியைக் கைப்பையில் வைத்துவிடாதீர்கள், செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும்.

சாப்பாட்டு விஷயம். புரட்டாசி மாதம் என்பதால் இவர் கவுச்சி தொடமாட்டார். முதல் நாள் மதியமே இதில் எங்களுக்கு மனவருத்தம் வந்துவிட்டது. ஒரு சின்ன உடோன் கடைக்குப் போனோம், உடோன் என்றால் தடித்த கோதுமை நூடுல்ஸ், கடைப்பெயர் வேண்டாம். இறைச்சி கூடாது, மீன் கூடாது என்று எழுதியே காட்டினோம், தலையாட்டினார்கள். பொரித்த டோஃபு மேலே வைத்த உடோன் வந்தது. கிட்சுனே உடோன் என்று சொல்வார்கள், அதுவும் ஒசாகாவில் தோன்றியதுதான். பார்க்க முழுச் சைவம். இவர் ஒரு வாய் குடித்ததும் வைத்துவிட்டார், கருவாட்டு வாசம். அந்த ரசமே காய்ந்த மீனைச் செதுக்கிப் போட்டுக் கொதிக்க வைத்தது. அவர்களுக்கு அது மீன் கணக்கில் வராது, நாம் பெருங்காயம் போடுவது மாதிரி. இவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று இரவு வரை வெறும் பழம்தான் சாப்பிட்டார், எனக்கு மனசே ஆறவில்லை. அதனால் சைவம் சாப்பிடுகிறவர்கள் 'மீன் வேண்டாம்' என்று மட்டும் எழுதாதீர்கள், 'கத்சுவோ தாஷி வேண்டாம்', அதாவது அந்தக் காய்ந்த மீன் ரசம் வேண்டாம் என்று ஜப்பானிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மருந்து நாலாம் நாள் கிடைத்தது. டென்ஜின்பாஷிசுஜி என்ற கடைத்தெரு, 2.6 கிலோமீட்டர் நீளம், ஜப்பானிலேயே நீளமானது. சுற்றுலாக்காரர்கள் குறைவு, ஊர்க்காரர்கள் காய்கறி வாங்கவும் செருப்பு தைக்கவும் வருகிற தெரு. அங்கே கடற்பாசி மட்டுமே விற்கும் கடை ஒன்று. கொன்பு என்று சொல்கிறார்கள், தடித்த பட்டை பட்டையாகக் காய்ந்திருக்கும், மேலே வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி இருக்கும். வடக்கே ஹொக்கைடோவிலிருந்து பழைய காலத்தில் கப்பலில் ஒசாகாவுக்கு வந்து இறங்கிய சரக்கு இது, அதனால்தான் இந்த ஊர்ச் சமையலில் இதற்கு இவ்வளவு மதிப்பு. அந்தக் கடைக்காரம்மாவிடம் எங்கள் சீட்டைக் காட்டியதும் உள்ளே போய் ஒரு சின்னக் கப்பில் சுடச்சுட எதையோ கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார். வெறும் கொன்பு ஊறிய வெந்நீர், சிட்டிகை உப்பு. நிறமே இல்லை. ஆனால் குடித்தால் நாக்கின் பின்பக்கம் நிற்கிற ஒரு ருசி, பருப்புத் தண்ணீரில் இருக்குமே, அந்த மாதிரி. இவர் முகத்தில் அப்போதுதான் தெளிச்சி வந்தது. இரண்டு பாக்கெட் வாங்கியிருக்கிறேன், இதோ. இரவே ஊறப்போட வேண்டும், கொதிக்கத் தொடங்கும்போது எடுத்துவிட வேண்டும், விட்டால் கசந்துவிடும் என்று அந்த அம்மா நடித்தே காட்டினார்.

பார்க்கிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒசாகா கோட்டை பெரிய பெயர், ஆனால் இப்போது நிற்கிற கோபுரம் 1931இல் ஊர் மக்கள் பணம் போட்டுக் கான்கிரீட்டில் கட்டியது, உள்ளே லிஃப்ட் வைத்த மியூசியம். ஹிதெயோஷி என்ற போர்த்தலைவர் 1583இல் தொடங்கிய கோட்டை 1615இல் எரிந்துபோனது. எனக்கு உள்ளே போனதைவிட வெளியே மதிலைப் பார்த்ததுதான் பிடித்தது. டாகோ-இஷி என்று ஒரு கல், 108 டன் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், ஒரே கல் ஒரு சுவர். உமேடாவில் 173 மீட்டர் உயர ஸ்கை பில்டிங், சூரியன் மறைகிற நேரத்துக்கு முன்னால் போய் இடம் பிடித்துவிடுங்கள். டோட்டன்போரியில் கைகளை விரித்து ஓடுகிற கிளிகோ என்ற மிட்டாய்க் கம்பெனியின் விளம்பரப் பலகைக்கு முன்னால் நாங்களும் படம் எடுத்தோம். அங்கே கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம், இருட்டியபிறகு வாய்க்காலில் விழும் வெளிச்சத்துக்காக ஒரு தடவை போகலாம்.

ஆனால் அதே டோட்டன்போரிக்குப் பின்னால் கல் பாவிய ஒரு சந்து இருக்கிறது, ஹோசென்ஜி. அதைத் தவறவிடாதீர்கள். அவ்வளவு விளம்பர வெளிச்சத்திலிருந்து இரண்டு நிமிடம் நடந்தால் ஒரு சின்னக் கோயில், ஃபுதோ என்ற சாமி. அகப்பையில் தண்ணீர் மொண்டு அவர்மேல் ஊற்றிக் கும்பிடுகிறார்கள். நம்ம அபிஷேகம்தான். வருடக்கணக்காக ஊற்றி ஊற்றி உடம்பு முழுக்கப் பச்சைப்பசேலென்று பாசி, முகம்கூடத் தெரியவில்லை, விரல் இருக்கும் இடம் மட்டும் லேசாகப் புடைத்துத் தெரிகிறது. போரில் குண்டு விழுந்து கோயில் எரிந்தபோதும் சிலை தப்பியிருக்கிறது. ஃபுதோ என்றால் அசையாதவர். வடமொழியில் அசலர், அருணாசலத்தில் வருகிற அதே அசலம். இதை நான் சொன்னதும் இவர் செருப்பைக் கழற்றப் போனார், அங்கே அந்த வழக்கம் இல்லை. எங்களுக்கு முன்னால் ஓட்டல் ஏப்ரன் கட்டிய ஒரு பையன், வேலைக்கு நடுவில் ஓடி வந்து, மூன்று அகப்பை ஊற்றிவிட்டு, கண்ணை மூடி நின்றுவிட்டுத் திரும்ப ஓடினான். நானும் மூன்று ஊற்றினேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கும் அவருக்கும்.

ம், எழுந்துவிட்டார் போலிருக்கிறது... இல்லை, புரண்டு படுக்கிறார்.

கடைசியாக ரயில் அட்டை. நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இங்கே இகோகா என்ற அட்டை, பணம் போட்டுக்கொண்டு ரயில், பஸ், கடை எல்லாவற்றிலும் தட்டிவிட்டுப் போகலாம். எஸ்கலேட்டரில் வலது பக்கம் நில்லுங்கள், டோக்கியோவில் இடது, இங்கே வலது. 'இகோகா' என்றால் இந்த ஊர்ப் பேச்சில் 'போலாமா?' என்று அர்த்தம். அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் 500 யென் டெபாசிட் கிடைக்கும். இன்று சாயங்காலம் ஸ்டேஷனில் நான் கொடுத்துவிடலாம் என்றேன். அங்கே எழுதியிருந்ததை இவர் படித்துப் பார்த்துவிட்டு, தொடர்ந்து பத்து வருடம் பயன்படுத்தாவிட்டால்தான் இது காலாவதியாகும், அதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று இரண்டு அட்டையையும் அந்தப் பத்து யென் காசுகளோடு சேர்த்து பர்ஸில் வைத்துவிட்டார்.