உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஏற்காட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் தெரிவது காப்பித் தோட்டம், நடுவில் உயரமாக நிற்பது சில்வர் ஓக். காற்றுச் சத்தம் மைக்கில் விழுந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மே மாதம், கீழே சேலத்தில் வெயில் கொளுத்துகிறது, மேலே கோடை விழாக் கூட்டம். பள்ளிக்கூடம் லீவு வேறு. சென்னை, பெங்களூரு பக்கம் இருக்கிற பேரன் பேத்திகள் எல்லாம் அம்மாயி வீட்டில் வந்து இறங்கியிருக்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு நாய் இருக்கும். வருடம் முழுக்கக் குழந்தை முகத்தையே பார்க்காத நாய். அதைப் பற்றித்தான் இந்த வீடியோ.

குழந்தை பக்கத்தில் போகும்போது நாய் உறுமினால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? "ஏய், சின்னப் புள்ளைகிட்டயே உறுமுறியா?" என்று ஒரு அதட்டல். கையில் செருப்பு இருந்தால் ஒரு அடி. நாய் வாயை மூடிக்கொள்ளும், நாமும் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். அதற்குக் குழந்தை மேல் இருந்த பயமோ எரிச்சலோ அந்த அடியால் குறையவே இல்லை. உறுமினால் அடி விழும் என்பதுதான் அதற்குப் புரிந்தது. கூடவே, இந்தக் குழந்தை கிட்டே வந்தாலே நமக்கு அடி என்பதும் மனதில் பதிந்துவிட்டது. அடுத்த முறை உறுமாது, நேராகக் கடிக்கும். "நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு கடிச்சிருச்சு" என்று ஊரெல்லாம் சொல்வோம். அந்தத் திடீரை உண்டாக்கியதே நாம்தான்.

என்னைக் கேட்டால், உறுமுகிற நாய் வீட்டில் இருப்பது நல்லது. அது சொல்லிவிட்டுச் செய்கிற நாய். உறுமினால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சத்தம் போடாமல் குழந்தையைத் தூக்கி நகர்த்துங்கள். நாயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என்ன நடந்ததால் உறுமியது என்று யோசியுங்கள்.

சரி, உறுமலுக்கு முன்னாலேயே நாய் நிறையச் சொல்கிறது. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். சாப்பாடு எதுவும் இல்லாதபோது நாக்கை நீட்டி மூக்கை நக்கும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கும், அப்போது கண்ணோரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரியும். எழுந்து வேறு இடம் போகும், குழந்தை பின்னாலேயே போகும். கடைசியாக உடம்பு விறைத்து அப்படியே நின்றுவிடும். அந்த விறைப்பைப் பார்த்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது. வாலை ஆட்டுகிறதே, சந்தோஷமாகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். வாலாட்டுவதெல்லாம் சந்தோஷம் இல்லை. வாலை உயர்த்தி, விறைப்பாக, சின்னச் சின்னதாக ஆட்டினால் அது வேறு கணக்கு.

பெரியவர்களுக்கே இது தெரியவில்லை என்றால் நான்கு வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? பல்லைக் காட்டுகிற நாயைப் பார்த்து, அது சிரிக்கிறது என்று சின்னக் குழந்தைகள் நினைப்பதை ஆராய்ச்சியாளர்களே கவனித்திருக்கிறார்கள். சிரிக்கிற முகத்தைப் பார்த்தால் குழந்தை கிட்டேதான் போகும். அதன் உயரத்துக்கு நாயின் வாய் நேராக முகத்துக்கு வரும். சின்னக் குழந்தைகளுக்குக் கடி முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழுவது அதனால்தான்.

இந்த ரீல்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். குழந்தை நாய் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், காதைப் பிடித்து இழுக்கும், பின்னால் ஒரு பாட்டு, கீழே லட்சம் லைக். அடுத்த முறை சத்தத்தை நிறுத்திவிட்டு நாயின் கண்ணை மட்டும் பாருங்கள். பாதி வீடியோவில் அந்த வெள்ளைப் பிறை தெரியும். கட்டிப்பிடிப்பதும் அப்படித்தான். பழைய பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? லீவுக்கு வந்த குழந்தை கட்டிப்பிடித்தால் பெரும்பாலான நாய்க்கு அப்படித்தான் இருக்கும்.

"எங்களுடையது லேப்ரடார், ஒன்றும் செய்யாது. கோம்பை, ராஜபாளையம் என்றால்தான் பயம்" என்று சொல்வார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்த நாய்க்கும் பல் இருக்கிறது, எந்த நாய்க்கும் பொறுமைக்கு ஓர் எல்லை இருக்கிறது. இனத்தைவிட, அது எந்த நிலைமையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். தின்றுகொண்டிருக்கிறதா, தூங்குகிறதா, குட்டியோடு இருக்கிறதா, கட்டிப் போட்டிருக்கிறதா, எங்கேயாவது வலிக்கிறதா?

வலியை நாம் மறந்தே போகிறோம். இத்தனை நாள் சாதுவாக இருந்த நாய் தொட்டாலே சீறுகிறது என்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுக்குள் சீழ், பல் வலி, வயதான நாய்க்கு மூட்டு வலி, இதில் எதுவும் இருக்கலாம். வலிக்கிற காதைக் குழந்தை பிடித்தால் அது என்ன செய்யும்?

கட்டிப் போடுவது இங்கே மலையில் பெரிய விஷயம். எஸ்டேட் நாய்களைப் பகலெல்லாம் சங்கிலியில் கட்டி, ராத்திரி காவலுக்கு அவிழ்த்து விடுவார்கள். சங்கிலியில் இருக்கிற நாய்க்கு ஓட வழி இல்லை. பயந்தால் விலகிப் போக முடியாது, அதனால் பாயும். சங்கிலி எவ்வளவு தூரம் எட்டும் என்று குழந்தைக்குத் தெரியாது. பந்து அந்த வட்டத்துக்குள் உருண்டால் அதுவும் உள்ளே ஓடும். லீவுக்குக் குழந்தைகள் வருகிறார்கள் என்றால், நடைபாதையிலிருந்தும் விளையாடுகிற இடத்திலிருந்தும் நாயைத் தள்ளி, தனித் தடுப்புக்குள் விடுங்கள். நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும்.

வீட்டு நாய்க்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கு விரித்தால் போதும். அங்கே குழந்தை போகக் கூடாது, இது வீட்டுச் சட்டம். நாய் அங்கே போய்ப் படுத்தால், இப்போது என்னை விடுங்கள் என்று அர்த்தம். சாப்பாடு வைக்கும்போது கதவைச் சாத்திவிடுங்கள். தின்கிற தட்டில் கைவிட்டுப் பழக்கினால் நாய்க்குக் கோபம் வராது என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள், அது வேண்டாத வேலை. யாராவது வந்தால் பிடுங்குவார்கள் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். வாயில் எலும்பு இருந்தால் பிடுங்காமல், அதைவிட நல்லதாக ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். அதையும் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். இன்னொன்று, நம் ஊர்க் குழந்தை கையில் தட்டுவடை செட்டு இல்லாமல் வாசலில் நிற்காது. தின்பண்டத்தோடு நாய் இருக்கிற இடத்தில் சுற்ற விடாதீர்கள்.

குழந்தையைக் கண்டாலே நடுங்குகிற, முறைக்கிற நாயை மாற்ற முடியுமா? மெதுவாக, ஓரளவுக்கு முடியும். நாய் கலவரப்படாத தூரத்தில் குழந்தை தெரிய வேண்டும். தெரிந்ததும் நீங்கள் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி கொடுக்க வேண்டும். குழந்தை மறைந்ததும் கறியும் நின்றுவிட வேண்டும். இப்படியே வாரக்கணக்கில் போகும், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். வாய்க்கூடு போடுவதாக இருந்தால் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடிகிற கூடை வகையாகப் பாருங்கள். துணிப்பட்டையில் இறுக்கிக் கட்டினால், சேலம் வெயிலில் உடம்புச் சூட்டை அதனால் தணிக்க முடியாது. எது செய்தாலும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நாயையும் சின்னக் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. பக்கத்தில் என்றால், போனைப் பார்த்துக்கொண்டு அல்ல.

தெரு நாய் விஷயம் சுருக்கமாக. ஓடாதே, கத்தாதே, கண்ணைப் பார்க்காதே, கையை உடம்போடு ஒட்டி மரம் மாதிரி நில். விழுந்துவிட்டால் சுருண்டு படுத்துக் காதையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள். இதைக் குழந்தைகளுக்கு விளையாட்டாகவே சொல்லிக் கொடுக்கலாம்.

கடித்துவிட்டால் உடனே குழாயடிக்கு ஓடுங்கள். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில், 15 நிமிடம் கழுவ வேண்டும். இங்கே காப்பித்தூளை அப்புவார்கள், கீழே மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு. எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடுகிற முறை என்றால் முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து, 3, 7, 28 ஆம் நாட்களில் அடுத்தடுத்த ஊசி. வலி நின்றுவிட்டது என்று நடுவில் விட்டுவிடாதீர்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி, உடனடிப் பாதுகாப்பு தருகிற இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியும் வேண்டும், முகத்தில் தலையில் என்றால் இன்னும் அவசரம். வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறோமே என்று நீங்களே முடிவு செய்யாமல் டாக்டரிடம் விடுங்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ரேபிஸ் இருக்கலாம் என்று சந்தேகிக்கிற விலங்கிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நகக்கீறலையும் குழந்தைகள் மறைப்பார்கள், திட்டு விழுமே என்று. அதனால், சொன்னால் திட்ட மாட்டோம் என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

கடைசியாக, கடித்த நாயை என்ன செய்வது? காரில் ஏற்றிக் கொண்டை ஊசி வளைவு ஏதாவது ஒன்றில் இறக்கிவிட்டு வருகிற வேலை மட்டும் வேண்டாம். பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதலில் பத்து நாள் அடைத்து வைத்துக் கவனியுங்கள், அதற்குள் நாய் நோயுற்றாலோ செத்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாம் பார்த்தும் உங்கள் வீட்டில் குழந்தையோடு வைத்திருக்க முடியாது என்றால், குழந்தைகள் இல்லாத, நாய் வளர்த்துப் பழக்கம் உள்ள வீடாகப் பார்த்துக் கொடுங்கள். கொடுக்கும்போது அது கடித்ததையும், எப்போது, எதனால் கடித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

அவ்வளவுதான் மக்களே, மழை தூற ஆரம்பித்துவிட்டது, கேமராவை எடுத்து வைக்கிறேன்.