ஜப்பான் வளர்ந்தது பட்டு நூலாலயா, பீரங்கியாலயா?

எல்லாருக்கும் வணக்கம். என்னைக் கூப்பிட்டப்ப கொடுத்த தலைப்பு, ஜப்பான் நவீன நாடா மாறினப்ப ஏகாதிபத்தியத்தால வந்த நன்மையும் தீமையும். நல்ல தலைப்புதான், ஆனா ஒரு வாரமா யோசிச்சதுல அதுல ஒரு வார்த்தை குறையுதுன்னு தோணுச்சு. யாருக்கு? நன்மை யாருக்கு, தீமை யாருக்கு? ஜப்பான்ங்கறது ஒரே ஆளா இருந்தா ஒரு பக்கம் வரவு ஒரு பக்கம் செலவுன்னு எழுதிக் கூட்டிடலாம். அப்படி இல்லையே. அதனால நான் இன்னைக்கு ஒரே ஒரு மாகாணத்தைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பேசப் போறேன். நாகானோ. நடு ஜப்பான்ல இருக்கற மலை நாடு, கடலே கிடையாது, நெல்லுக்கு சமவெளி கம்மி, மல்பெரி இலையும் பட்டுப்பூச்சியும்தான் அங்க சோறு போட்டுச்சு.

முதல்ல ஜப்பானே ஏகாதிபத்தியத்துக்குப் பயந்து நடுங்கின நாடுங்கறதை மறந்துடக் கூடாது. 1853 ஜூலைல அமெரிக்க கமடோர் பெர்ரி 4 கறுப்புக் கப்பலோட டோக்கியோ விரிகுடா வாசல்ல உராகா பக்கம் வந்து நின்னாரு. கதவைத் திறக்கறியா இல்லையான்னு கேட்டுட்டுப் போய் அடுத்த வருஷம் இன்னும் நிறைய கப்பலோட வந்தாரு, கையெழுத்து வாங்கினாரு. 1858ல அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, ஹாலந்துன்னு அஞ்சு நாட்டோட ஒப்பந்தம், அப்புறம் 1866ல இன்னொரு ஒப்பந்தம், அதோட இறக்குமதிக்குப் பெரும்பாலும் 5 சதவீதத்துக்கு மேல வரி போட முடியாதுன்னு ஆயிடுச்சு. வெளிநாட்டுக்காரன் ஜப்பான் மண்ணுல குத்தம் பண்ணா அவனோட தூதரகமே அவனை விசாரிக்கும்.

இது காகிதத்துல படிக்கும்போது உறைக்காது, ஒரு சம்பவம் சொல்றேன். 1886 அக்டோபர்ல நார்மன்டன்னு ஒரு பிரிட்டிஷ் கப்பல், யோகோஹாமாலேர்ந்து கோபே போற வழியில பாறையில மோதி மூழ்குது. கேப்டனும் வெள்ளைக்கார மாலுமிகளும் லைஃப் போட்ல ஏறித் தப்பிச்சுட்டாங்க. ஜப்பான் பயணிகள் 25 பேர், அந்த 25 பேரும் செத்தாங்க, ஒருத்தர் கூட மிஞ்சலை. கப்பலோட அடியில அடுப்புக்கு நிலக்கரி தள்ளிட்டிருந்த இந்தியத் தொழிலாளிகளும் செத்தாங்க, இதை நம்ம ஊர்ல யாரும் பேசறதே இல்லை. கோபேல இருந்த பிரிட்டிஷ் தூதரக விசாரணையில கேப்டன் மேல தப்பில்லைன்னு தீர்ப்பு. ஊரே கொதிச்ச பிறகு யோகோஹாமால மறுபடி விசாரிச்சு 3 மாச ஜெயில் கொடுத்தாங்க. செத்தவங்க குடும்பத்துக்கு நஷ்டஈடு எதுவும் இல்லை. சொந்த நாட்டுக் கடல்ல சொந்த ஜனம் செத்தும் விசாரிக்க உரிமை இல்லாத நாடு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, அந்தக் காயம்தான் மெய்ஜி காலத்து, அதாவது 1868லேர்ந்து 1912 வரைக்கும் மெய்ஜி சக்கரவர்த்தி இருந்த காலத்து ஜப்பானை ராத்திரி பகலா ஓட வச்சது. வெளிநாட்டுக்காரங்களை உள்ளூர் கோர்ட்டுல நிறுத்தற உரிமை 1899லயும், சுங்க வரியைத் தானே போட்டுக்கற உரிமை 1911லயும்தான் முழுசா திரும்பக் கிடைச்சுது.

சரி, ஓடறதுக்குக் காசு? இங்கதான் என் வாதமே இருக்கு. 1872ல ஷிம்பாஷிலேர்ந்து யோகோஹாமாக்கு முதல் ரயில், அதே வருஷம் எல்லாருக்கும் பள்ளிக்கூடம்னு சட்டம், அதே வருஷம் தொமியோகால பிரான்ஸ் மெஷின் வச்சு அரசாங்கமே பட்டு நூற்பு ஆலை, 1873ல நில வரி சீர்திருத்தம். அப்போ கொரியாவும் கிடையாது தைவானும் கிடையாது. விவசாயி கட்டின வரி, பட்டு நூல் வித்த டாலர், இதுதான் முதலீடு.

அந்தப் பட்டு பெரும்பாலும் எங்கேர்ந்து போச்சு? நாகானோல சுவா ஏரிக்கரை, ஒகாயா ஊரு. தொமியோகா மாதிரி இரும்பு மெஷின் வாங்க அங்க யாருக்கும் வசதி இல்லை, அதனால மரத்துலயே மெஷினுக்குச் சட்டகம் பண்ணி, பட்டுக்கூடு வேக வைக்கறதுக்கு உலோகத் தொட்டிக்குப் பதிலா மண்பாண்டம் வச்சு, குறைஞ்ச செலவுல ஆலை போட்டாங்க. எனக்கு இந்த மண்பாண்டம் மேல பெரிய மரியாதை உண்டு, வெளிநாட்டு டெக்னாலஜியை நம்ம கைக்கு அடங்கற மாதிரி மாத்திக்கறதுன்னா இதுதான். ஆனா அந்தத் தொட்டி முன்னாடி உட்கார்ந்தது 12, 13 வயசுப் பொண்ணுங்க. பக்கத்து மாகாணத்துலேர்ந்து நோமுகி கணவாய் வழியா பனியில நடந்து வருவாங்க, அப்பன்காரன் முன்பணம் வாங்கியிருப்பான், ஒரு நாளைக்கு 13, 14 மணி நேரம் கொதிக்கிற தண்ணிக்குள்ள விரல் விட்டு நூல் நுனி தேடணும். 1909ல ஜப்பான் சீனாவைத் தாண்டி உலகத்துலயே அதிகமா கச்சாப் பட்டு ஏத்துமதி பண்ற நாடா ஆச்சு. அந்தப் பொண்ணுங்களோட விரல்லதான் ஆச்சு.

இனி கசப்பான பாகம். பெர்ரி பண்ணதை ஜப்பான் அப்படியே கொரியாவுக்குப் பண்ணுச்சு. 1875ல கங்வா தீவு பக்கம் போர்க்கப்பல் அனுப்பி சண்டை இழுத்து, 1876ல ஒப்பந்தம். ஜப்பான்காரன் குத்தம் பண்ணா ஜப்பான் தூதரகம் விசாரிக்கும், ஜப்பான் சரக்குக்கு சுங்க வரியே கிடையாது, அஞ்சு சதவீதம் கூட இல்லை. தான் பட்ட அடியை விடப் பெரிய அடியா பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்தாங்க. நார்மன்டன் சம்பவத்துக்காக ஜப்பான் ஜனங்க அழுதப்ப, கொரியாவுல இதே சட்டம் 10 வருஷமா நடந்துட்டிருந்தது.

லாபமே வரலைன்னு நான் சொல்லலை. 1895ல சீனாவை ஜெயிச்சு ஷிமோனோசெகி ஒப்பந்தத்துல 20 கோடி டேல் (டேல்ங்கறது சீனாவோட வெள்ளி எடை அளவு) வெள்ளி இழப்பீடு, தைவான் வேற. மொத்தமா கணக்குப் போட்டா ஏறக்குறைய 36 கோடி யென், சண்டைக்கு முன்னாடி ஜப்பான் அரசோட ஒரு வருஷ பட்ஜெட்டைப் போல 4 மடங்கு. அந்தக் காசை லண்டன்ல வச்சு 1897ல யென்னோட மதிப்பைத் தங்கத்தோட கட்டற தங்க நாணய முறைக்கு மாறினாங்க, அதனால வெளிநாட்டுக் கடன் சுலபமாச்சு. யவாதா இரும்பு ஆலைக்கும் அதுல ஒரு பங்கு போச்சு, 1901ல உலை பத்த வச்சாங்க, இரும்புத் தாது சீனாவுலேர்ந்து வந்துச்சு. பாடப் புத்தகத்துல இதைத்தான் நன்மைன்னு போடுவாங்க. ஆனா அந்த 36 கோடியில முக்கால் பங்குக்கும் மேல எங்க போச்சுன்னா ராணுவத்துக்கும் கடற்படைக்கும். அந்த விரிவாக்கத்துல வந்ததுதான் மிகாசா போர்க்கப்பல், அதைக் கட்டினது கூட இங்கிலாந்துல.

அந்த மிகாசா தலைமையில 1905 மே மாசம், ரஷ்யாவோட நடந்த சண்டையில, கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவுல இருக்கற சுஷிமா கடல்ல ரஷ்யக் கடற்படையை அழிச்சப்ப ஆசியா முழுக்க ஒரு மின்சாரம் ஓடுச்சு, சின்னப் பையனா இங்கிலாந்து போயிட்டிருந்த நேரு ரயில்ல அந்தச் செய்தியைப் படிச்சுப் பூரிச்சதை அவரே எழுதியிருக்காரு. அந்தப் பெருமையை நான் குறை சொல்லமாட்டேன், வெள்ளைக்காரன் தோக்கவே மாட்டான்னு நம்ப வச்சிருந்த காலம் அது. ஆனா ஜப்பானுக்குள்ள நிலைமை என்ன? அந்தச் சண்டையில ஜப்பான் பக்கம் 80,000 பேருக்கும் மேல சாவு. புகையிலை 1904ல அரசு மோனோபொலி, அதாவது அரசு மட்டும்தான் விக்கலாம், உப்பு 1905ல அரசு மோனோபொலி. உப்புக்கு வரின்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கடைசில சண்டையை முடிச்ச போர்ட்ஸ்மவுத் ஒப்பந்தத்துல இழப்பீடு ஒரு யென் கூட வரலை. செப்டம்பர் 5ஆம் தேதி டோக்கியோ ஹிபியா பூங்காவுல கூடின ஜனம் போலீஸ் சாவடியா பார்த்துப் பார்த்துக் கொளுத்துச்சு, 17 பேர் செத்தாங்க. நாகானோகாரனுக்கு அந்த வெற்றியில என்ன கிடைச்சுது? பையனோட சாம்பலும் வரிச் சீட்டும்.

1910ல கொரியாவை முழுசா சேர்த்துக்கிட்டாங்க. இந்த இடத்துல அரிசியைப் பத்திக் கொஞ்சம் நிதானமா பேசணும், ஏன்னா இதுல ரெண்டு நாட்டு விவசாயியும் ஒரே கயித்துல மாட்டினாங்க. 1918ல ஜப்பான்ல அரிசி விலை தாறுமாறா ஏறி, தொயாமா பக்கம் மீனவப் பெண்கள் தெருவுக்கு வந்தாங்க, அது நாடு முழுக்கப் பரவி மந்திரிசபையே கவுந்துடுச்சு. பயந்து போன அரசாங்கம் 1920லேர்ந்து கொரியாவுல நெல் விளைச்சலைக் கூட்டத் திட்டம் போட்டுச்சு. கால்வாய் வெட்டினாங்க, புது ரக விதை, உரம், எல்லாம் வந்துச்சு, விளைச்சலும் கூடுச்சு, பொய் இல்லை. ஆனா கூடினதை விட அதிகமா குன்சான் மாதிரி துறைமுகம் வழியா ஒசாகாவுக்குப் போச்சு. கொரியாவுல ஒரு ஆள் சாப்பிட்ட அரிசி 1910களுக்கும் 1930களுக்கும் நடுவுல மூணுல ஒரு பங்குக்கும் மேல குறைஞ்சுது, அதுக்குப் பதிலா வடகிழக்குச் சீனாவுல இருக்கற மஞ்சூரியாலேர்ந்து வந்த தினையைத் தின்னாங்க. நெல்லு விளைவிச்சவன் வீட்டுல தினைக் கஞ்சி. ரயில் போட்டான், அணை கட்டினான்னு சொல்றவங்ககிட்ட நான் கேக்கறது இதைத்தான், அந்த ரயில்ல என்ன ஏத்தினாங்க, யாரு இறக்கினாங்க?

இதுல ஜப்பான் விவசாயியாவது பிழைச்சானா? இல்லை. கொரியா அரிசி, தைவான் அரிசி வந்து குவிஞ்சு உள்ளூர் நெல் விலை படுத்துச்சு. 1930ல நல்ல விளைச்சல், ஆனா நெல்லுக்கு விலையே இல்லை. 1934ல வடகிழக்கு ஜப்பான்ல தோஹோகு பக்கம் குளிர்ல பயிர் கருகிப் பஞ்சம். யமகதா மாகாணத்துல ஒரு கிராமத்துல மாட்டியிருந்த போர்டோட போட்டோ இன்னைக்கும் இருக்கு. பொண்ணை விக்கறதா இருந்தா எங்க ஆலோசனை நிலையத்துக்கு வாங்கன்னு எழுதியிருக்கும். புரோக்கர் கையில சிக்காம காப்பாத்தணும்னு நினைச்சு வச்ச போர்டு அது. ஒரு பேரரசோட நடு வீட்டுல அப்படி ஒரு போர்டு தேவைப்பட்டிருக்கு.

இதெல்லாம் அப்பவே தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தாரு. இஷிபாஷி தன்சான், பத்திரிகைக்காரர், பொருளாதாரம் எழுதறவர். 1921லயே கொரியா, தைவான் எல்லாத்தையும் விட்டுடுங்கன்னு எழுதினாரு. நீதி பேசி ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சு கணக்கைக் காட்டினாரு. 1920ல கொரியா, தைவான், மஞ்சூரியாவோட தெற்கு முனையில ஜப்பான் வச்சிருந்த குவான்துங், இந்த மூணோடயும் சேர்த்து ஜப்பான் பண்ண வியாபாரம் 90 கோடி யென் சொச்சம். அமெரிக்காவோட மட்டும் 143.8 கோடி. இந்தியாவோட 58.7 கோடி. இந்தியாவை ஜப்பான் பிடிச்சு வைக்கலையே, நம்ம பருத்தியை ஒசாகா மில்லு காசு கொடுத்துத்தானே வாங்கிட்டுப் போச்சு, அப்புறம் எதுக்கு ஊர் ஊரா பட்டாளம்னு கேட்டாரு. யாரும் காது கொடுக்கலை. ராணுவத்துக்குப் பதவி, பெரிய கம்பெனிகளுக்கு கான்ட்ராக்ட், நிலம் வாங்கிப் போட்டவங்களுக்குக் குத்தகை, லாபம் பார்த்தவங்க கொஞ்சம் பேர், ஆனா அதிகாரம் அவங்க கையிலதான் இருந்துச்சு. இதே இஷிபாஷி 1956 கடைசில பிரதமரானாரு, உடம்பு சரியில்லாம ரெண்டு மாசத்துல விலகிட்டாரு.

மறுபடி நாகானோவுக்கு வர்றேன். 1929ல அமெரிக்காவுல மார்க்கெட் விழுந்துச்சு, பட்டுக் காலுறை வாங்க ஆள் இல்லை, ரெண்டே வருஷத்துல பட்டு நூல் விலை பாதிக்கும் கீழ போச்சு. மல்பெரியை நம்பி இருந்த மலைக் கிராமமெல்லாம் கடன்ல மூழ்குச்சு. அந்த நேரம் பார்த்து 1931ல ராணுவம் மஞ்சூரியாவைப் பிடிக்குது, அடுத்த வருஷம் மஞ்சுகுவோன்னு ஒரு பொம்மை நாடு, 1936ல 20 வருஷத்துல 10 லட்சம் குடும்பத்தைக் கொண்டு போய்க் குடியேத்தறதா திட்டம். ஊரை ரெண்டா பிரிச்சு பாதியை அனுப்புங்க, மானியம் தர்றோம்னு சொன்னாங்க. நாகானோல ஓஹினாதாங்கற கிராமம் அப்படிப் பாதியைப் பிரிச்சு அனுப்பிச்சு. போனவங்களுக்குப் புது நிலம்னுதான் சொல்லியிருந்தாங்க, அங்க போய்ப் பார்த்தா உழுது வச்ச வயல், சீன விவசாயியை அற்ப விலை கொடுத்து விரட்டிட்டு எடுத்த நிலம். மொத்தம் 2,70,000 பேர் வரைக்கும் போனாங்க, அதுல நாகானோலேர்ந்து மட்டும் 30,000க்கும் மேல, எந்த மாகாணத்துலயும் இவ்வளவு இல்லை.

இதே காலத்துல ஆசியா ஆசியாகாரனுக்கேன்னு சொல்லிக்கிட்டு ஜப்பான் தெற்கே வந்தப்ப, மலேயா ரப்பர் தோட்டத்துலேர்ந்து நம்ம தமிழ் ஜனங்களை சயாம் பர்மா ரயில் பாதைக்கு இழுத்துட்டுப் போச்சு. 415 கிலோமீட்டர், காலரா, பட்டினி, அடி, ஆசியத் தொழிலாளிகள்ல 90,000 பேர் வரைக்கும் செத்ததா கணக்கு. 1905ல பூரிச்சுப் போன அதே ஆசியா.

1945 ஆகஸ்ட் 9ஆம் தேதி சோவியத் படை மஞ்சூரியாவுக்குள்ள நுழைஞ்சது. குடியேறின ஆம்பிளைங்களை முன்னாடியே பட்டாளத்துக்கு எடுத்துட்டாங்க, கிராமத்துல இருந்தது பெண்களும் குழந்தைகளும் வயசானவங்களும். காப்பாத்த வேண்டிய ராணுவம் பின்வாங்கிடுச்சு. 80,000 பேர் வரைக்கும் வழியிலயும் முகாம்லயும் செத்தாங்க. ஓஹினாதாலேர்ந்து போனவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் திரும்பலை, திரும்பினவங்களுக்கு ஊர்ல நிலமும் இல்லை, அசாமா எரிமலை அடிவாரத்துல காட்டை வெட்டித் திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சாங்க. நடக்க முடியாத குழந்தைகளைச் சீனக் குடும்பங்ககிட்ட கொடுத்துட்டு வந்த தாய்மார் நிறைய. நிலத்தைப் பிடுங்கினவனோட குழந்தைன்னு தெரிஞ்சும் அந்த ஜனங்க வளர்த்தாங்க.

1981 மார்ச்ல அப்படி விடப்பட்டவங்க 47 பேரை அரசாங்கம் முதல் தடவையா டோக்கியோவுக்குக் கூட்டிட்டு வந்துச்சு, சொந்தக்காரங்களைத் தேட. எல்லாரும் 40 வயசை நெருங்கினவங்க, சிலர் தாண்டினவங்க. நிறைய பேருக்கு ஜப்பான் மொழி ஒரு வார்த்தை வரலை, பெத்தவங்க வச்ச பேரே தெரியாதவங்களும் இருந்தாங்க. உடம்புல இருந்த ஒரு தழும்பு, அன்னைக்குப் போட்டிருந்த துணி, யாரோ சொல்லிக் கேட்ட ஒரு ஊர்ப் பேர், இதை மட்டும் சொல்லி, என்னைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களான்னு கேட்டாங்க.