விரைவுச்சாலையும் ஓர் அமைச்சரும்: ஓங் டெங் சியோங் ஏன் ரயிலுக்காக வாதாடினார்?

(திரையில்: விடியற்காலை. பிஐஇயில் துவாஸ் பக்கம் போகும் வண்டிகள்.)

வணக்கம். நீங்கள் பார்ப்பது பிஐஇ, அதாவது தீவு விரைவுச்சாலை. 1966இல் வேலை தொடங்கி 1981இல் முடிந்தது. நீளம் ஏறக்குறைய 43 கிலோமீட்டர். சிங்கப்பூரின் முதல் விரைவுச்சாலை இது, இன்றும் மிக நீளமானதும் இதுதான்.

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி வண்டி ஏறியதும், "என்ன ரோடுப்பா!" என்பார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் இந்தச் சாலை நெரிசலில் மூழ்காமல் இருப்பதற்கு முக்கியமான ஒரு காரணம், ரயில். அந்த ரயிலுக்காக ஓர் அமைச்சர் ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருந்தது.

(திரையில்: ஓங் டெங் சியோங்கின் பழைய படம்.)

ஓங் டெங் சியோங்கை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் அதிபராகத்தான் பலருக்கும் தெரியும். அரசியலுக்கு வருமுன் அவர் கட்டடக் கலைஞர். அடிலெய்டில் கட்டடக்கலையும் லிவர்பூலில் நகரத் திட்டமிடலும் படித்தவர். 1967இல் தேசிய வளர்ச்சி அமைச்சின் திட்டமிடல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார்.

அது தீவையே புதிதாக வரைந்துகொண்டிருந்த காலம். 1971இல் வந்த நீண்டகால நிலத் திட்டத்தில் புதுநகரங்கள் இருந்தன, அவற்றை இணைக்க விரைவுச்சாலைகளும் இருந்தன, ரயிலும் இருந்தது. சாலையும் தண்டவாளமும் ஒரே வரைபடத்தில் பிறந்தவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

1972இல் ஓங் நாடாளுமன்றம் போனார், 1978இல் போக்குவரத்தையும் கவனிக்கும் தொடர்பு அமைச்சர் ஆனார். சாலை வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ரயிலில்தான் சிக்கல். செலவு 5 பில்லியன் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். துணைப் பிரதமர் கோ கெங் சுவீக்கு அதில் உடன்பாடில்லை. பேருந்துகளை ஒழுங்காக நடத்தினாலே போதும் என்பது அவர் பக்கத்து வாதம். ஹார்வர்டிலிருந்து வந்த ஆய்வுக் குழுவும் அதையே சொன்னது. 1980இல் இந்த விவாதம் தொலைக்காட்சிக்கே வந்தது. அரசாங்கத்துக்குள் இருந்த கருத்து வேறுபாட்டை மக்கள் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சரி, பேருந்து மட்டும் ஏன் போதாது?

(திரையில்: ஷென்டன் வே, காலை நேரம்.)

விரைவுச்சாலை உங்களை நகர எல்லைவரை வேகமாகக் கொண்டுவந்து விடும். அப்புறம்? ஆறு எவ்வளவு அகலமாக இருந்து என்ன, மடை சிறியது. நகர மையத்து ராஃபிள்ஸ் பிளேஸில் இரண்டு பக்கமும் கட்டடங்கள், சாலையை அகலப்படுத்த இடமே இல்லை. 1975 ஜூனிலிருந்தே காலை நேரத்தில் நகர மையத்துக்குள் கார் நுழைய ஒரு நாளைக்கு 3 வெள்ளி கட்ட வேண்டியிருந்தது. எல்லாரையும் பேருந்தில் ஏற்றினாலும், அத்தனை பேருந்துகளை நகர மையத்துச் சாலைகள் தாங்காது என்றது அடுத்து வந்த போக்குவரத்து ஆய்வு.

1982 மே மாதம் அரசாங்கம் ரயிலுக்குச் சரி என்றது. 1983 அக்டோபர் 22 அன்று ஷான் ரோட்டில் முதல் மண் தோண்டப்பட்டது. 1987 நவம்பர் 7 அன்று இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோவரை ஐந்தே நிலையங்களுடன் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது.

சாலை போடுவது அதோடு நிற்கவில்லை. 2008இல் கேபிஇ என்ற காலாங்-பாய லேபார் விரைவுச்சாலை, 2013 டிசம்பரில் கடலுக்கு அடியிலும் போகும் எம்சிஇ என்ற மரினா கரையோர விரைவுச்சாலை. இருந்தாலும் இந்தத் தீவின் நிலத்தில் ஏறக்குறைய 12 விழுக்காடு சாலைக்கே போகிறது, வீடுகளுக்கு 14 விழுக்காடுதான். இன்னும் எவ்வளவு நிலத்தைச் சாலைக்குக் கொடுக்க முடியும்?

(திரையில்: அங் மோ கியோ அவென்யூ 6, கட்டுமான வேலி.)

இந்த வேலிக்குப் பின்னால் நடப்பதையும் பாருங்கள். 2008இல் 'வடக்கு-தெற்கு விரைவுச்சாலை' என்று அறிவித்தபோது இது கார்கள் ஓடும் சாலை மட்டுமே. 2016இல் திட்டத்தை மாற்றினார்கள். 21.5 கிலோமீட்டர் நீளத்துக்குப் பேருந்துத் தடம், சைக்கிள் பாதை, நடைபாதை எல்லாம் சேர்ந்தன. பெயரிலிருந்தும் 'விரைவுச்சாலை' போய்விட்டது. இப்போது அது வடக்கு-தெற்கு வழித்தடம்.