கையெழுத்தில் தொடங்கும் தேர்தல்

வணக்கம் நேயர்களே. சிகாகோவில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிரைமரி தேர்தல் நெருங்கும்போதெல்லாம், அட்டையில் செருகிய தாளோடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறவன் நான். இன்று அந்தத் தாளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் ஊரில் சட்டமன்ற வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை வெளியிடும். இங்கே கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே வாக்குப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தேர்தல்தான் பிரைமரி. மூடிய அறைக்குள் நாலு பேர் கூடி ஆளைத் தேர்ந்தெடுப்பதை ஒழிக்க வேண்டுமென்று, விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட் முட்டி மோதிக் கொண்டுவந்த சட்டத்தின்படி, அந்த மாநிலம் முழுவதும் 1906இல் பிரைமரி நடந்தது.

சரி, தாளுக்கு வருகிறேன். சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தின் மேலவையான செனட்டுக்குக் கட்சியின் சார்பில் நிற்க இப்போது குறைந்தது 1,000 கையெழுத்து வேண்டும், கீழவைக்கு 500. போடுகிறவர் அந்தத் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். வீடு மாறியவர் முகவரியை மாற்றிப் பதியாமல் இருந்தால் அந்தக் கையெழுத்து நிற்காது. நவம்பர் குளிரில் மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டுகிறேன். பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, வாசல் விளக்கடியில் தன் பெயரைத் தனித்தனி எழுத்தாக, முத்து முத்தாக எழுதுகிறார். “ஐயா, அது பெயர். பக்கத்துக் கட்டத்தில் கையெழுத்துப் போடுங்கள்” என்கிறேன். இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அதற்கு ஒரு கதை உண்டு.

1995. சிகாகோவின் 13ஆம் தொகுதி மாநில செனட்டர் ஆலிஸ் பால்மர் நாடாளுமன்றத்துக்குப் போக விரும்பினார். தன் இடத்துக்கு ஓர் இளம் வழக்கறிஞரை ஆதரித்தார். அவர் பராக் ஒபாமா, வயது 34. நவம்பர் இறுதியில் நடந்த போட்டியில் பால்மர் தோற்றார். பழைய இடத்துக்கே திரும்பி வர நினைத்தார். ஒபாமா விலகவில்லை. பால்மரிடம் மிச்சமிருந்தவை சில நாள்களே. அவசர அவசரமாக 1,580 கையெழுத்துகள் திரட்டினார். தேவை 757தான், இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

1996 ஜனவரி 2. ஒபாமாவின் ஆட்கள் தேர்தல் வாரிய அலுவலகத்தில் உட்கார்ந்து தாள் தாளாகப் புரட்டினார்கள். இவர் பதிவு நீக்கப்பட்டவர், இவர் வேறு தொகுதி, இது கையெழுத்தல்ல, அச்செழுத்தில் எழுதிய பெயர் என்று ஒவ்வொன்றாக அடிபட்டது. பால்மர் விலகினார். போட்டியிட வந்த மற்ற மூவரும் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கொடுத்தவை 1,899. சரிபார்த்த பிறகு 69 குறைந்தது! மார்ச் மாதப் பிரைமரியின் வாக்குச்சீட்டில் மிஞ்சியது ஒபாமாவின் பெயர் மட்டுமே.

சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. போலிக் கையெழுத்தைத் தடுக்க அந்த விதிகள் வேண்டும்தான். ஆனால் அந்தத் தொகுதி ஒபாமாவின் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. நவம்பர் பொதுத்தேர்தலில் யார் வெல்வார் என்பதில் ஐயமே இல்லை. ஆகவே மக்கள் உண்மையாகத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடிய ஒரே நாள் அந்த மார்ச் பிரைமரிதான். அந்த நாளில் அவர்கள் முன்னால் ஒரே பெயர். தாளை ஏந்தி நடக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது இன்றும் உறுத்துகிறது. பெரியவர் அச்செழுத்தில் எழுதினாலும் அவர் மனம் அவருடையதுதானே?

நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். 2018 பிரைமரியை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். இதே மாநிலத்தின் 8ஆம் செனட் தொகுதியில், பதவியிலிருந்த ஐரா சில்வர்ஸ்டீனை இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ராம் வில்லிவலம் வென்றார். நவம்பரில் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அங்கும் முடிவு மார்ச்சிலேயே ஆகிவிட்டது.

ஒன்று மட்டும். இங்கே பிரைமரியில் வாக்களிக்கக் கட்சி உறுப்பினர் அட்டை தேவையில்லை. வாக்குச்சாவடியில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள், சொன்னால் கொடுப்பார்கள். முகவரியை மட்டும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.