வலை வீசுவது வீணல்ல

நடுவர் அவர்களே, மாலை நேர நெரிசலைக் கடந்து கோட்டூர்புரம் வந்து சேர்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

எலிகளின் மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து, ஆயிரக்கணக்கில் சோதித்துப் பார்ப்பது வளமா, வீணா என்பது நம் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கேள்வியே இல்லாமல் கடலில் வலை வீசுவதற்குப் பெயர் ஆராய்ச்சியா என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கினார். காசிமேட்டில் படகேறுகிறவர், இன்ன மீன்தான் சிக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டா கடலுக்குப் போகிறார்?

எலியின் மரபணுத் தொகுதி 2002இல் வெளியானது. புரதங்களுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நம் உடலிலும் இணை உண்டு. ஆனால் ஆய்வாளர்களோ, பழகிய தடத்திலேயே போகும் வண்டிமாடுகளைப் போல, ஏற்கெனவே பெயர் பெற்ற மரபணுக்களையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதை மாற்றத்தான் 2011இல் பல நாட்டு ஆய்வகங்கள் கூட்டமைப்பாகத் திரண்டு, ஒரே வகை எலியை, ஒரே வரிசைச் சோதனைகளுக்கு உட்படுத்தத் தொடங்கின.

அவற்றுள் செவிச் சோதனையை மட்டும் சொல்கிறேன். 14 வார எலியை மயக்கத்தில் ஆழ்த்தி, தலைத்தோலின் அடியில் ஊசி மின்முனைகளைச் செருகி, ஒலியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, மூளைத்தண்டில் எழும் மின் அலை எந்த அளவில் மறைகிறது என்று குறிக்கிறார்கள். நன்றாகத் தின்று, ஓடியாடி, குட்டி போட்டுக்கொண்டிருக்கும் எலிக்குக் காது கேட்கவில்லை என்பது இப்படித்தான் தெரிய வருகிறது, கூண்டுக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

எலி மனிதன் அல்ல என்றார்கள், ஒப்புக்கொள்கிறேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்குக் காரணமான சிஎஃப்டிஆர் மரபணுவை இழந்த எலிகளுக்குக் குடல் அடைத்தது, ஆனால் மனிதருக்குக் கெடுவதுபோல் நுரையீரல் கெடவில்லை. ஆயினும், அந்தக் கூட்டமைப்பு முதல் 1,751 மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கியபோது அவற்றில் 410 இல்லாமல் குட்டி பிழைக்கவே முடியாது என்று தெரிந்ததும், மனித நோய்களோடு தொடர்புடைய மரபணுக்கள் அத்தகையவற்றுள் கூடுதலாக இருந்ததும் தற்செயலா?

பிள்ளையாரின் வாகனத்தை வதைப்பதா என்று கேட்ட எதிரணி அம்மையாரின் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரே எலியிலிருந்து பல சோதனைகளின் தரவுகளைப் பெற்று, அவற்றை எல்லோருக்கும் திறந்து வைத்து, விந்தணுக்களை உறைய வைத்துப் பாதுகாப்பதால், அதே எலியை இன்னொரு ஆய்வகம் முதலிலிருந்து உருவாக்க வேண்டியதில்லை.

உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் இன்னும் அகலாத நம் மாநிலத்தில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஒரே மரபணுவைப் பெற்று, காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளை நாம் அறிவோம். 2017இல் வெளியான ஆய்வொன்றில் 3,006 மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்த எலிகளைச் சோதித்தபோது, செவித்திறனோடு தொடர்புடையவையாக 67 சிக்கின. அவற்றுள் 52 அதுவரை யாரும் ஐயுறாதவை. எந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த 52ஐயும் முன்கூட்டியே குறி வைத்திருக்கலாம் என்பதை, அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இந்த அவைக்குச் சொல்லட்டும்.