கடைசி 10 ஆட்டத்தை எவ்வளவு நம்பலாம்?

திரையில்: கறுப்புப் பின்னணி. இரண்டே எண்கள்: 36, 5.

2018 அக்டோபர். அமெரிக்கக் கூடைப்பந்து லீக் என்.பி.ஏ.வோட சீசன் ஆரம்பிச்சு, வாரியர்ஸ் டீமோட கிளே தாம்ப்சன் ஏழு ஆட்டம் ஆடியிருக்காரு. த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியே இருந்து (அங்க இருந்து விழுந்தா 3 பாயிண்ட், சுருக்கமா த்ரீ) 36 தடவை எறிஞ்சதுல 5 தான் உள்ள விழுந்திருக்கு. 14 சதவீதம்கூட இல்ல. அதுக்கு முந்தின சீசன்ல இதே மனுஷன் 44 சதவீதம் போட்டவரு.

இப்போ நீங்கதான் கோச். எட்டாவது ஆட்டத்துக்கு முன்னாடி அவரைக் கூப்பிட்டு என்ன சொல்லுவீங்க? "கொஞ்ச நாள் தூரத்துல இருந்து எறியாதே"ன்னா? பதிலை மனசுல வெச்சுக்கோங்க.

திரையில்: ஒரு பாக்ஸ் ஸ்கோர் (ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணை). பாயிண்ட்ஸ் நெடுவரிசை மட்டும் வெளிச்சத்தில்.

ஒருத்தர் ஃபார்ம்ல இருக்காரான்னு பாக்க நம்ம கண்ணு முதல்ல போறது பாயிண்ட்ஸ் மேல. அது எத்தனை பாயிண்ட்னு சொல்லும், அதுக்கு எத்தனை வாய்ப்பு செலவாச்சுன்னு சொல்லாது. அதைச் சொல்றதுக்குத்தான் ட்ரூ ஷூட்டிங்னு ஒரு கணக்கு. ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கிற, யாரும் தடுக்காத எறி) எண்ணிக்கையை 0.44 ஆல பெருக்கி, எறிஞ்ச ஷாட்டோட கூட்டுங்க. வர்றதை ரெண்டு மடங்காக்கி, பாயிண்ட்ஸை அதால வகுங்க. அவ்வளவுதான்.

அது என்ன 0.44? ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் ரெண்டு ரெண்டா வரும், அப்போ 0.5 தானே வரணும்? ஆனா ஃபவுல் வாங்கிக்கிட்டே பந்தைக் கூடையில போட்டா கிடைக்கிற ஒத்தை ஃப்ரீ த்ரோவும், டெக்னிக்கல் ஃபவுலுக்குக் (ஒழுங்குமீறல் மாதிரியான தப்புக்கு) கிடைக்கிறதும் புதுசா ஒரு வாய்ப்பைச் சாப்பிடறதில்ல. அதையெல்லாம் கழிச்சு சராசரியா நிக்கிற எண் இது.

திரையில்: கோபி பிரயன்ட், இரண்டு இரவுகள், பக்கத்தில் பக்கத்தில்.

கோபி பிரயன்ட்டோட ரெண்டு ராத்திரியை எடுத்துக்குவோம். 2006 ஜனவரி 22, டொராண்டோவுக்கு எதிரா 81 பாயிண்ட்: 46 ஷாட், 20 ஃப்ரீ த்ரோ. கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 74 சதவீதம். 2016 ஏப்ரல் 13, அவரோட கடைசி ஆட்டம், யூட்டாவுக்கு எதிரா 60 பாயிண்ட்: 50 ஷாட், 12 ஃப்ரீ த்ரோ. இங்க 54 சதவீதம். அந்த சீசன்ல லீக் சராசரியும் அதே 54 தான். அதாவது ஊரே கொண்டாடின அந்த 60 பாயிண்ட், சிக்கனத்துல வெறும் சராசரி. (ஆனா 37 வயசுல 50 தடவை எறிஞ்சும் சராசரிக்குக் கீழ போகாம இருந்தாரே, அதுக்கு நான் தொப்பியைக் கழட்டுறேன்.)

ஆட்ட வேகத்தையும் பாத்துக்கணும். 2003-04 சீசன்ல ஒரு டீமுக்கு ஒரு ஆட்டத்துல 90 பொசெஷன் (பந்தை வெச்சு ஆடக் கிடைக்கிற முறை) வாக்குல கிடைச்சுது, 2018-19ல 100. அதனாலதான் "ஒரு ஆட்டத்துக்கு"ன்னு எண்ணாம "100 பொசெஷனுக்கு"ன்னு எண்ணுறாங்க. அப்புறம் ஜான் ஹோலிஞ்சர் கொண்டு வந்த பி.இ.ஆர்.னு ஒரு திறன் மதிப்பெண். அது எல்லாத்தையும் ஒரே எண்ணா உருட்டிக் கொடுக்கும், லீக் சராசரி எப்பவும் 15. அதிகமா எறியறவங்களுக்கு அது கொஞ்சம் தாராளம். தடுப்பாட்டம்னா அதுக்கு ஸ்டீலும் (பந்தைப் பறிக்கிறது) பிளாக்கும்தான் (எறியைத் தட்டிவிடுறது) பெருசாத் தெரியும். சமீபத்திய ஃபார்முக்கு நான் அதைத் தேடிப் போறதில்ல.

சரி, சூத்திரம் கிடைச்சாச்சு. கடைசி 10 ஆட்டத்துல போட்டுப் பாத்தா வேலை முடிஞ்சுதா? இல்ல. மாட்டிக்கிறதே இங்கதான்.

திரையில்: 50 புள்ளிகள், சில பச்சை, சில சாம்பல்.

உண்மையான திறமை 36 சதவீதம்னு இருக்கிற ஒரு ஷூட்டரைக் கற்பனை பண்ணுங்க. கை மாறல, உடம்பு மாறல, எதுவுமே மாறல. ஆட்டத்துக்கு 5 த்ரீ வீதம் 10 ஆட்டத்துல 50 எறியறாரு. 18 விழணும். ஆனா வெறும் அதிர்ஷ்டத்துனால மட்டும் அது 11 ஆகவும் ஆகலாம், 25 ஆகவும் ஆகலாம். 22 சதவீதத்துல இருந்து 50 சதவீதம் வரைக்கும்! ஒரு முனையில "இவரை பெஞ்ச்ல உக்கார வைங்க"ன்னு கத்துவாங்க, இன்னொரு முனையில "இவர்தான் அடுத்த ஸ்டார்"னு வீடியோ போடுவாங்க. ரெண்டும் ஒரே ஆள். சீசன் முழுக்க 400 எறிஞ்சாலும் 31ல இருந்து 41 வரைக்கும் ஊசலாட இடம் இருக்கு.

அதனால "கடைசி 10 ஆட்டத்துல 48 சதவீதம்"னு யாராவது சொன்னா, என் முதல் கேள்வி: எத்தனை எறிஞ்சதுல?

ஆனா எல்லா எண்ணும் இப்படி ஆடாது. ஷாட் உள்ள விழுறது பாதி அதிர்ஷ்டம். ஷாட்டை எறியறது முடிவு. எத்தனை நிமிஷம் ஆடுறாரு, எத்தனை தடவை எறியறாரு, எங்க இருந்து எறியறாரு, இதெல்லாம் கோச்சும் ஆட்டக்காரரும் எடுக்கிற முடிவு. அது மாறினா சில ஆட்டத்துலயே தெரிஞ்சுடும். இதுல எனக்குப் பிடிச்சது யூசேஜ். அவர் களத்துல இருக்கும்போது டீமோட வாய்ப்புகள்ல எத்தனை சதவீதம் அவர் கையில ஷாட்டாவோ, ஃப்ரீ த்ரோவாவோ, டர்ன்ஓவராவோ (பந்தைப் பறிகொடுக்கிறது) முடியுதுங்கிற கணக்கு. களத்துல அஞ்சு பேரு, அதனால சராசரி 20. ஒருத்தரோட யூசேஜ் 15ல இருந்து 25க்கு ஏறிச்சுன்னா, அவரோட வேலையே மாறியிருக்குன்னு அர்த்தம்.

திரையில்: நியூயார்க் நிக்ஸ், 2012 பிப்ரவரி.

ஜெரமி லின் ஞாபகம் இருக்கா? ஹார்வர்டுல படிச்சவரு, டிராஃப்ட்ல (டீம்கள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சி) எந்த டீமும் எடுக்கல, நிக்ஸ் பெஞ்சோட கடைசியில உக்காந்திருந்தவரு. பிப்ரவரி 4 அன்னைக்கு நெட்ஸுக்கு எதிரா உள்ள வந்து 25 பாயிண்ட். ஆறு நாள் கழிச்சு லேக்கர்ஸுக்கு எதிரா 38. அன்னைக்கு நிக்ஸோட ஸ்டார்கள் கார்மெலோ ஆன்தனியும் இல்ல, அமாரே ஸ்டௌடமையரும் இல்ல. பந்து முழுக்க லின் கையில. அந்த உச்சம் அப்படியே நிக்கல, நிக்கவும் நிக்காது. ஆனா சீசன் முடியும்போது அவரோட சராசரி 14.6 பாயிண்ட், 6.2 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் ஷாட் போட உதவுற பாஸ்). 38ங்கிறது பளபளப்பு. வேலை மாறினதுதான் சேதி, அது உண்மையாவே நின்னுது.

அப்போ சதவீதத்தை என்ன பண்றது? தூக்கிப் போட வேண்டாம், தண்ணி கலக்கணும். ஒருத்தரோட பழைய திறமையை, அவர் ஏற்கனவே எறிஞ்ச 300 ஷாட் மாதிரி எண்ணிக்கிட்டு, புது ஷாட்டுகளை அதோட கூட்டுங்க. கிளே தாம்ப்சனோட அதுவரைக்குமான மொத்தக் கணக்கு சுமார் 42 சதவீதம். 300க்கு 126. புதுசா வந்தது 36க்கு 5. சேத்தா 336க்கு 131, அதாவது 39 சதவீதம். 14 சதவீதம்னு கத்தின அந்த ஏழு ஆட்டம், நம்ம மதிப்பீட்டை 3 புள்ளிதான் இறக்குது. 300ங்கிறது நான் எடுத்த எடை. நீங்க 200ன்னு வெச்சாலும் 500ன்னு வெச்சாலும் திசை மாறாது.

இன்னொரு வழி, பழைய ஆட்டங்களை மெதுவா மங்க விடுறது. ஒவ்வொரு ஆட்டம் பின்னாடி போகப் போக எடையை 0.95 ஆல பெருக்குங்க. 14 ஆட்டத்துக்கு முந்தினது கிட்டத்தட்ட பாதி எடையில நிக்கும். "கடைசி 10"னு கத்தி வெச்சு வெட்டுறதை விட இது நியாயம். பதினோராவது ஆட்டம் என்ன பாவம் பண்ணிச்சு?

பிளஸ்-மைனஸ் பத்தியும் ஒரு வார்த்தை. அவர் களத்துல இருக்கும்போது டீம் எத்தனை பாயிண்ட் முன்னாடி போச்சுங்கிறதுதான் அது. 10 ஆட்டத்துக்கு அதைப் பாக்குறது வீண். எதிரணி ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டாலும் இவர் கணக்குலதான் ஏறும்.

"அப்போ சூடு பிடிக்கிறதுன்னு, அதாவது ரெண்டு மூணு விழுந்தா அடுத்ததும் விழ வாய்ப்பு கூடுறதுன்னு, ஒண்ணு இல்லவே இல்லயா?"ன்னு கேப்பீங்க. 1985ல கிலோவிச், வலோன், டிவெர்ஸ்கினு மூணு ஆய்வாளர்களும் அப்படித்தான் சொன்னாங்க. 2018ல மில்லரும் சான்ஹூர்ஹோவும் அந்தக் கணக்குலயே ஒரு ஓட்டையைக் காட்டினாங்க. காசை மூணு தடவை சுண்டுங்க. தலை விழுந்த உடனே அடுத்ததும் தலையா விழுற விகிதத்தைக் குறிச்சுக்கோங்க. இதையே திரும்பத் திரும்பச் செஞ்சு, எல்லா விகிதத்துக்கும் சராசரி எடுங்க. 50 வராது, 42 சதவீதம்தான் வரும். அப்படின்னா "சூடு இல்ல"ன்னு காட்டின 50 சதவீதத்துக்குள்ளயே கொஞ்சம் சூடு ஒளிஞ்சிருக்கலாம். என் கணிப்பு: சூடு இருக்கு, ஆனா நம்ம கண்ணு நினைக்கிற அளவுக்கு இல்ல.

திரையில்: சிகாகோ, 2018 அக்டோபர் 29.

இப்போ அந்த எட்டாவது ஆட்டம். நான் கோச்சா இருந்திருந்தா, விழாததைப் பத்திப் பேசியிருக்க மாட்டேன். ஆட்டத்துக்கு 7 எறிஞ்சவரு 5க்கு இறங்கியிருக்காரே, அதைத்தான் கேட்டிருப்பேன்.

அன்னைக்கு கிளே 24 த்ரீ எறிஞ்சாரு. 14 விழுந்துச்சு. ஒரே ஆட்டத்துல அதிக த்ரீங்கிற என்.பி.ஏ. சாதனை, உடைஞ்சது சக ஆட்டக்காரர் ஸ்டீஃபன் கறியோட 13. களத்துல இருந்தது 27 நிமிஷம், போட்டது 52 பாயிண்ட். சீசன் முடியும்போது அவரோட த்ரீ 40.2 சதவீதம்.

சாதனை படைச்ச அந்த ராத்திரி, ஆட்டம் முடிஞ்ச கையோட யாராவது அவரோட "கடைசி 8 ஆட்டம்" கணக்கை எடுத்திருந்தா என்ன வந்திருக்கும்னு போட்டுப் பாத்தேன். 60க்கு 19. 32 சதவீதம்கூட இல்ல, லீக் சராசரிக்கும் கீழ.

திரையில்: 60, 19. மெல்ல மறைகிறது.