மாதவிடாய் நிண்ட பிறகு ஹோர்மோன் எங்கால வருது?

வணக்கம். திருகோணமலை டவுண்ல இருந்தும், மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்தும் கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாமார், அக்காமாருக்கு வணக்கம். ஐயாமார் றேடியோவை மாத்திப் போடாதேங்கோ, இது உங்கட வீட்டுக் கதையும்தான்.

கிளினிக்கில ஒருநாள் உப்புவெளிப் பக்கத்து அம்மா ஒராள் வந்தவ, அறுபது தாண்டியிருக்கும், மார்பில கட்டி எடுத்தாச்சு, ரிப்போர்ட்டை மடிச்சு ஹேண்ட்பேக்குக்குள்ள வச்சிருந்தவ. அதை விரிச்சு விரலை வச்சுக் காட்டுறா, "டொக்டர், இதில ஈ.ஆர். பொசிட்டிவ் எண்டு கிடக்கு, ஹோர்மோனால வளர்ற கட்டியாம், எனக்கு மாதவிடாய் நிண்டு எவ்வளவு காலம், பிறகெங்கால எனக்கு ஹோர்மோன்?" மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸிட்ட நான் கேக்கிற கேள்வியை அவ என்னட்டக் கேட்டுட்டா. பக்கத்தில நிண்ட மகள் "அம்மா சும்மா இருங்கோ" எண்டுறா, நான் சொன்னன், இல்லை பிள்ளை, அம்மா கேக்கட்டும்.

இப்ப விஷயத்துக்கு வாறன், அம்மாவின்ர கேள்விக்குப் பதில் உடம்புக் கொழுப்பிலதான் கிடக்கு. கொழுப்பெண்டா சாக்கில கட்டி வச்ச நெல்லு மாதிரி சும்மா கிடக்குமெண்டுதான் நாங்கள் நினைக்கிறது. அது சும்மா கிடக்கிறேல்லை. அதுவும் சுரப்பி வேலை பாக்குது. சூலகம் ஓய்வெடுத்தாலும், சிறுநீரகத்துக்கு மேல குந்தியிருக்கிற அட்ரினல் சுரப்பி ஆண்ட்ரோஜன் எண்ட ஆண் ஹோர்மோன் வகையை விட்டுக்கொண்டுதான் இருக்கும், பொம்பிளையளுக்கும்தான், வெக்கப்பட ஒண்டுமில்லை. கொழுப்புத் திசுவுக்குள்ள அரோமடேஸ் எண்டு ஒரு நொதியம், ஓ.எல். சயன்ஸில படிச்ச நொதியம்தான், இந்த ஆண்ட்ரோஜனைப் பிடிச்சு, 19 காபன் உள்ளதில ஒரு காபனைக் கழட்டி, 18 காபன் உள்ள ஈஸ்ட்ரஜன் எண்ட பெண் ஹோர்மோனா மாத்திப்போடும். படம் கீறிக் காட்டினா வடிவா விளங்கும், றேடியோவில என்ன செய்யிறது. அது போய் மார்புக் கலத்தில இருக்கிற ஈஸ்ட்ரஜன் ரிசெப்டர் எண்ட ஏற்பியில (ரிப்போர்ட்டில ஈ.ஆர். எண்டு கிடந்தது இதுதான்) ஒட்டினா, "பிரி, பெருகு" எண்ட ஓடர் போகும். கலம் கூடக்கூடப் பிரியேக்க பிழை வாற சான்ஸும் கூடும்.

அந்த அம்மாவுக்கு எழுதிக் குடுத்த லெட்ரோசோல், 2.5 மில்லிகிராம் சின்னக் குளிசை, அது செய்யிற வேலையே இந்த அரோமடேஸை மறிக்கிறதுதான். சூலகத்துக்கில்லை அம்மா, கொழுப்பு மாதிரித் திசுவுக்குள்ள நடக்கிற வேலையை நிப்பாட்டத்தான் இந்தக் குளிசை எண்டு சொன்னன். அவ தன்ர வயித்தை ஒருக்காக் குனிஞ்சு பாத்தா. திரும்பச் சொல்லுறன், மாதவிடாய் நிண்டவைக்குத்தான் இந்தக் கணக்கு. நிக்கிறதுக்கு முந்திக் கதை வேற, அந்த வயசில உடம்பு கூடினதால மார்புப் புற்றுநோய் கூடுதெண்டு ஆய்வுகள் காட்டேல்லை. மெலிஞ்ச ஆக்களுக்கும் இந்த வருத்தம் வரும், ஆரையும் பாத்து "நீ குண்டு, அதான் வந்தது" எண்டு சொல்லிப்போடாதேங்கோ, அப்பிடிச் சொல்லுற சொந்தக்காரரில எனக்குச் சரியான கோவம்.

இன்னுமொண்டு. கொழுப்புக் கலம் அளவுக்கு மிஞ்சி ஊதினா சாகத் தொடங்கும், செத்ததை அகற்ற மெக்ரோஃபேஜ் எண்ட வெள்ளை அணுக்கள் வந்து சுத்திவர முடி சூட்டினதுபோல நிக்கும், மைக்ரோஸ்கோப்பில வடிவாத் தெரியும். அதுகள் விடுற அழற்சிப் பொருள்கள் பக்கத்தில அரோமடேஸை இன்னும் கூட்டிவிடும். அப்ப கொழுப்பு கூட, அழற்சி கூட, ஈஸ்ட்ரஜனும் கூட.

ரெண்டு நிமிசம்தான் இருக்கெண்டு கண்ணாடிக்கு அங்கால றேடியோக்காரர் கை காட்டுறார். கொழுப்புக் கலம் விடுற லெப்டின் எண்ட ஹோர்மோனைப் பற்றி நிறையச் சொல்ல வச்சிருந்தன், 1994-ல கண்டுபிடிச்சது, கொழுப்பு கூடக்கூட இதுவும் கூடும், கட்டிக் கலத்தையும் உசுப்பிவிடும், அவ்வளவோட விடுறன். இன்சுலின் கூடினா ஈஸ்ட்ரஜனைப் பிடிச்சு வச்சிருக்கிற புரதத்தை ஈரல் குறைச்சு விடும், ஓடித்திரியிற ஈஸ்ட்ரஜன் கூடும், சீனி போட்ட தேத்தண்ணியை நாளைக்கு எத்தனை தரம் குடிக்கிறியள் எண்டு நீங்களே எண்ணிப் பாருங்கோ. எங்கட ஆக்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள்ள இருக்கோணும், பொம்பிளையளுக்குச் சொல்லுறன், தையல்காரர் அளக்கிற ரேப்பே காணும்.

35 வயசானவை எம்.ஓ.எச். ஒஃபிஸில, அதான் சுகாதார வைத்திய அதிகாரியின்ர ஒஃபிஸில, பொம்பிளையளைச் சோதிச்சுப் பாக்கிற வெல் வுமன் கிளினிக் எண்டைக்கெண்டு மிட்வைஃப் மிஸ்ஸிட்டக் கேளுங்கோ, காசில்லை. கட்டி, தோல் குழிவிழுந்தது, காம்பால இரத்தம், இப்பிடி ஏதும் கண்டா கிளினிக் நாளுக்குக் காத்திருக்காம நேர ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நேரம் முடிஞ்சுதாம், வணக்கம்.